பெயர்ந்தோமா, பெயர்த்தார்களா?

எனக்குச் சோறு போடுவது மொழிபெயர்ப்பு. கணக்கெடுப்புப் படிவம், தொண்டு நிறுவன அறிக்கை, பயிற்சிக் கையேடு என்று என்னிடம் வருவதெல்லாம் பெரும்பாலும் ஆபீஸ் வாடை அடிக்கிற ஆங்கிலம். அதில் ஆள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிற பேச்சு வந்தாலே போதும், விரல் தன்னால் ‘இடம்பெயர்தல்’ என்று தட்டிவிடும். நல்ல தமிழ்ச் சொல், எல்லாருக்கும் தெரிந்த சொல், எங்கே போட்டாலும் பொருந்துகிற சொல் என்று வருடக்கணக்கில் நம்பியிருந்தேன். அந்தக் கடைசி நம்பிக்கைதான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு பெருநகரத்தில் ஆற்றோரம் இருந்த குடிசைகளை எடுத்துவிட்டு, அங்கிருந்த குடும்பங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். சில வருடம் கழித்து அங்கே வீடு வீடாக ஒரு கணக்கெடுப்பு நடந்தது. கேள்வித்தாளைத் தமிழாக்கியது நான். அதில் ஏழாவது கேள்வி: ‘நீங்கள் எந்த ஆண்டு இடம்பெயர்ந்தீர்கள்?’ இலக்கணப் பிழை கிடையாது, ஒற்றுப்பிழை கிடையாது. திருப்தியாக அனுப்பிவிட்டேன்.

முதல் நாள் நானும் கூடப் போனேன். போகாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அந்தக் கேள்வி சரியான கேள்வி என்றே நினைத்துக்கொண்டிருப்பேன். இரண்டாவது மாடிப் படிக்கட்டில் ஓர் ஆயா உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். கேள்வி கேட்க வந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். தாளில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் வாசித்தாள்.

“இன்னா கண்ணு கேக்குற?”

“எந்த வருஷம் இடம்பெயர்ந்தீங்கன்னு கேக்குறேன் ஆயா.”

“பேர்ந்தமா?” ஆயா நாரை மடியில் வைத்துவிட்டுப் பக்கத்துச் சுவரைத் தொட்டுக் காட்டினார். ஆள் உயரத்துக்குச் சுண்ணாம்பு உப்பியிருந்தது. கீழே இரண்டு படியில் காரை உதிர்ந்து கிடந்தது. “பேர்றதுன்னா இதும்மா. தானா பேர்ந்து வுழுது பாரு. நாங்க எங்க பேர்ந்தோம்? மிசின வச்சிப் பேத்து, லாரில ஏத்தியாந்து இங்க கொட்டிட்டுப் போனாங்க.”

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

ஆயா சொன்னதில் கோபமும் இருந்தது, சுத்தமான இலக்கணமும் இருந்தது. பெயர்ந்தது என்றால் தன்வினை, தானாக நடந்தது. பெயர்த்தது என்றால் பிறவினை, செய்தவன் ஒருவன் இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் திருந்தினான், திருத்தினான் என்று ஒப்பித்து மதிப்பெண் வாங்கியது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் ‘இடம்பெயர்ந்தீர்கள்’ என்று எழுதும்போது, வீட்டை இடித்தவர்களைக் காணாமல் அடித்துவிட்டு, கேட்பாரில்லாமல் போனவர்களையே வினைமுதலாக உட்கார வைக்கிறேன் என்பது உறைக்கவில்லை. பேச்சுத் தமிழில் பெயர் என்ற வினை காரை, பல், நகம், தார் ரோடு இவற்றோடுதான் அதிகம் புழங்குகிறது. அதனால்தான் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆயாவின் கை நேரே சுவருக்குப் போனது.

அந்த ஒரு சொல்லால் வந்த சேதம் பின்னால்தான் தெரிந்தது. வாசித்தால் யாருக்கும் புரியவில்லை என்பதால், கேள்வி கேட்கப் போன ஒவ்வொருவரும் ஏழாவது கேள்வியைத் தங்களுக்குத் தெரிந்த பேச்சில் மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் ‘எப்ப இங்க மாறி வந்தீங்க’ என்று கேட்டார். இன்னொருவர் ‘சொந்த ஊரை விட்டு எப்ப வந்தீங்க’ என்று கேட்டார். சில பெண்களுக்கு அது ‘கல்யாணமாகி எப்ப வந்தீங்க’ என்றே காதில் விழுந்திருக்கிறது. கடைசியில் விடை அட்டவணையின் ஒரே பத்தியில் வீடு இடிந்த வருடம், பட்டணத்துக்குப் பிழைக்க வந்த வருடம், தாலி ஏறிய வருடம் எல்லாம் கலந்து கிடந்தன. பிரித்தெடுக்க வழியில்லாமல் அந்தப் பத்தியையே தூக்கிப்போட்டார்கள். தப்பு என்னுடையது. கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது.

மறுமுறை அதே வேலை வந்தபோது ஒரு கேள்வியை இரண்டாக உடைத்தேன். ‘உங்கள் பழைய வீட்டை எந்த வருடம் இடித்தார்கள்?’, ‘இந்த வீட்டுக்கு எந்த வருடம் குடிவந்தீர்கள்?’ ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் இரண்டா என்று கேட்டார்கள். மாதிரிக்குச் சில வீடுகளில் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் வாடகைக்கும் சொந்தக்காரர் வீட்டிலும் ஒண்டியிருந்தவர்கள் வெளியே வந்தார்கள். பழைய கேள்வியில் அந்தக் காலம் முழுக்க விழுங்கப்பட்டிருந்தது. அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து கணினிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். போவதைக் குறிக்கிற சொல் எது வந்தாலும் அதில் ஏறும். பெரிய ஆராய்ச்சி ஒன்றுமில்லை. யார் போனது, யார் போக வைத்தது, எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்று மூன்று கட்டம், அவ்வளவுதான்.

அந்த மூன்றாவது கட்டம் நான் யோசித்துப் போட்டதில்லை, வாங்கிக் கட்டிக்கொண்டது. இலங்கைப் போரைப் பற்றிய ஒரு கட்டுரையில், வட இலங்கையின் வன்னிப் பகுதிக்குள்ளேயே ஊர் ஊராக அலைந்த குடும்பங்களைப் ‘புலம்பெயர்ந்தவர்கள்’ என்று எழுதிவிட்டேன். இடம்பெயர்ந்தவர்கள் என்று திரும்பத் திரும்ப எழுதச் சலிப்பாக இருந்தது, அதற்கு ஒரு மாற்றுச்சொல் என்றுதான் போட்டேன். படித்துப் பார்த்த நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர். போனில் குரல் ஏறவில்லை, ஆனால் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“நாங்கள் புலம்பெயரேல்லை. இடம்பெயர்ந்தனாங்கள். புலம்பெயர்ந்தது என்ர தம்பி, அவன் கனடாவில இருக்கிறான்.”

ஈழத் தமிழில் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு கடல் இருக்கிறது. நாட்டை விட்டுப் போனவர் புலம்பெயர்ந்தவர். நாட்டுக்குள்ளேயே ஓடியவர் இடம்பெயர்ந்தவர். 1995 அக்டோபர் 30-ஆம் தேதி யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே உள்ள வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் ஒரே இரவில் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தார்களே, அதற்கு அங்கே பெயர் இடப்பெயர்வு. ‘95 இடப்பெயர்வுக்கு முந்தி’ என்று சொன்னால் அது காலத்தைக் குறிக்கிற சொல்லாகவே ஆகிவிடுகிறது. உள்நாட்டு இடப்பெயர்வு பற்றி 1998-இல் ஐ.நா. வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இதே கோட்டைத்தான் போடுகின்றன: கட்டாயத்தால் வீட்டை விட்டு ஓடியிருக்க வேண்டும், ஆனால் நாட்டின் எல்லையைத் தாண்டியிருக்கக் கூடாது. என் நண்பர் அதைப் படித்துவிட்டுப் பேசவில்லை. அன்றைக்கு நடந்தவர்களில் அவரும் ஒருவர்.

அதே இலங்கையில் 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஊரை விட்டு அனுப்பினார்கள். அதை யாரும் இடப்பெயர்வு என்று சொல்லிக் கேட்டதில்லை. அதற்குப் பெயர் வெளியேற்றம். பெயரிலேயே துரத்தியவன் நிற்கிறான். ஐந்து வருட இடைவெளியில், அதே மண்ணில், அதே மொழி பேசுகிறவர்கள் இரண்டு நிகழ்ச்சிக்கு இரண்டு வினையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இதை மாற்றி எழுதினால் எந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வரும் என்று சொல்லத் தேவையில்லை. அகராதியைப் பார்த்துவிட்டு எழுதுவது போதாது, சம்பந்தப்பட்டவர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் வந்தது இதற்குப் பிறகுதான்.

தமிழ்நாட்டில் கணக்கு வேறு. 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்து, வடமாநிலத்துக்காரர்கள் மூட்டையோடு ரோட்டில் நடந்தபோது நம் செய்தித்தாள்கள் ‘புலம்பெயர் தொழிலாளர்கள்’ என்று எழுதின. நாட்டு எல்லை எதையும் அவர்கள் தாண்டவில்லை. யாழ்ப்பாண நண்பருக்கு அது காதில் உறுத்தியது. எனக்கு உறுத்தவில்லை. பீகாரிலிருந்து தமிழ்நாட்டுக்கு வருகிறவனுக்கு மொழி, மண், சாப்பாடு எல்லாம்தான் மாறுகிறது, புலம் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் அந்தத் தொடரில் வேறொரு சங்கதி உண்டு. ‘புலம்பெயர் தொழிலாளர்’ வினைத்தொகை. ஊறுகாய் மாதிரி. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கும். ‘புலம்பெயர்ந்த தொழிலாளர்’ என்றால் பெயர்ந்து முடித்துவிட்டார், இனி இங்கே இருப்பார். ‘புலம்பெயர் தொழிலாளர்’ என்றால் பத்து வருடமாக ஒரே ஊரில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தாலும் பெயர்ந்துகொண்டே இருக்கிறார். ஒரு பள்ளிச் சேர்க்கைக் கையேட்டில், இங்கேயே பிறந்து, தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைகளைப் ‘புலம்பெயர் குழந்தைகள்’ என்று எழுதச் சொன்னார்கள். அந்தப் பிள்ளை எங்கிருந்து எங்கே பெயர்ந்தது? ‘வெளிமாநிலத்திலிருந்து வந்த பெற்றோரின் குழந்தைகள்’ என்று நீட்டி எழுதினேன். நீளம்தான். பரவாயில்லை என்று விட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொல்லின் பழைய வாசம் நேர் எதிர்ப்பக்கம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தைச் சொல்லும்போது ‘புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும்’ என்று வருகிறது. பல மொழி பேசுகிற நாடுகளிலிருந்து வந்து இங்கே கலந்து, இனிதாக வாழ்கிறவர்கள். வந்தவர்களை வரவேற்கிறவன் வாயிலிருந்து வருகிற சொல் அது. நாமோ இன்றைக்குப் புலம்பெயர்ந்தவர் என்றதும் இங்கிருந்து போன நம்மவரை நினைக்கிறோம். ஒரே சொல், நிற்கிற கரை மட்டும் மாறியிருக்கிறது. ‘மொழிபெயர்’ என்பதும் அப்படித்தான். குறுந்தொகையில் ‘மொழிபெயர் தேஎம்’ என்றால் மொழி வேறாகிப்போன நாடு, பொருள் தேடப்போன தலைவன் போய்ச் சேர்கிற இடம். என் தொழிலின் பெயரே ஓர் ஊர் எல்லையில்தான் நிற்கிறது என்று தெரிந்தபோது கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, சம்பளம் ஏறவில்லை என்றாலும்.

அரசு போட்ட பெயர்களில் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது ‘தாயகம் திரும்பியோர்’. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவுக்கும் இந்தியப் பிரதமர் சாஸ்திரிக்கும் இடையே சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேரை இலங்கை ஏற்க வேண்டும் என்று பேசி முடித்தார்கள். வந்தவர்களில் பலர் பிறந்தது மலையகத்தில், அவர்களைப் பெற்றவர்கள் பிறந்ததும் அங்கேதான். வாழ்நாளில் முதல்தடவையாகக் கப்பலில் இறங்குகிறவரைத் திரும்பியவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சொல் ஆளை மட்டும் கொண்டுவரவில்லை, அவர் பிறந்த ஊரையும் அவரிடமிருந்து எடுத்துவிட்டது. ஆனாலும் ஒரு மொழிபெயர்ப்பாளனாக நான் அதைத் திருத்த முடியாது. சான்றிதழில் உள்ள பெயர் அது, சலுகை கேட்கப் போகிறவருக்கு அந்தச் சொல் அப்படியே வேண்டும். அரசுத் தலைப்பை ஒரு முறை அப்படியே எழுதிவிட்டு, கதை சொல்கிற இடத்தில் ‘அனுப்பப்பட்டவர்கள்’ என்று எழுதுவேன். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்புவதில்லை.

அகதி விஷயமும் கிட்டத்தட்ட இப்படித்தான். கதி இல்லாதவர் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, இலங்கை அகதிகள் முகாம் என்பதை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. முகாமில் இருப்பவர்களின் மனசுக்கு அது ஆறுதல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சட்ட உதவி சம்பந்தமான தாள் வந்தால் நான் அகதி என்றே எழுதுவேன். பலகை மாறியதால் சட்டப்படியான நிலை மாறிவிடவில்லை, அந்தத் தாளில் அவருக்குப் பாதுகாப்பாக இருக்கப்போவது அந்தச் சொல்தான்.

எழுத்துக் கூட்டல் பற்றிச் சின்னதாக ஒன்று. வினையாக வரும்போது இடம்பெயர்ந்தார், பெயர்ச்சொல்லாகும்போது இடப்பெயர்வு. ‘இடம்பெயர்வு’ என்றும் எல்லாரும் எழுதுகிறார்கள், நானும் சண்டைக்குப் போவதில்லை. ‘இடப்பெயர்ச்சி’ மட்டும் வேண்டாம் என்பேன். அது இயற்பியல் பாடப்புத்தகத்துக்குச் சொந்தம். அங்கே இடப்பெயர்ச்சி என்பது கிளம்பின புள்ளிக்கும் முடிந்த புள்ளிக்கும் இடையே உள்ள நேர்க்கோட்டுத் தூரம். எத்தனை மைல் சுற்றினாலும் கிளம்பின இடத்துக்கே வந்து நின்றால் விடை பூஜ்ஜியம். இருபது வருடம் முகாமில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவரைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல் வந்து விழுந்தால் நன்றாகவா இருக்கும்? சோதிடர்களுக்குக் குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி இருக்கிறது, அது அவர்கள் பாடு.

எல்லை தாண்டுகிற வேலையில் நாட்டுக்கு நாடு பலகையே வேறு. இலங்கையில் குடிவரவு, குடியகல்வு. மலேசியாவில் குடிநுழைவு. நாம் குடியேற்றம் என்று சமாளிக்கிறோம். எந்த நாட்டு வாசகருக்கு என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதித் திருத்தம் மிச்சம்.

மக்கள் பேச்சில் இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. வாடகை வீடு மாறினால் ‘காலி பண்ணிட்டாங்க’. புது வீட்டுக்குக் ‘குடிபோனோம்’. கூலிக்குப் போனால் ‘பிழைக்கப் போயிருக்காங்க’. திரும்பி வரும் உத்தேசம் இல்லையென்றால் ‘அங்கேயே செட்டில் ஆயிட்டாங்க’. ஒவ்வொன்றிலும் ஏன் போனார், வருவாரா என்பது தெரிகிறது. பக்கத்துத் தெருவுக்கு வீடு மாறினவர் வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8 கொடுக்கிறார். கொடுக்காமல் விட்டவரைப் பட்டியல் திருத்த வருகிறவர்கள் ‘இடம்பெயர்ந்தவர்’ என்று குறித்துக்கொண்டு போகிறார்கள். போரில் ஓடினவரும் அதே சொல்லில், மூன்று தெரு தள்ளிப் போனவரும் அதே சொல்லில். எல்லாவற்றையும் மூடுகிற சொல் என்றால் எதையும் காட்டாத சொல் என்றும் அர்த்தம். முகவரி மட்டும் மாறினால் ‘வீடு மாறியவர்’ என்று எழுதினால் யார் குடி முழுகிவிடும்?

பழைய சொல் ஒன்று எனக்குப் பிடிக்கும், வலசை. இப்போது பறவைக்கும் யானைக்கும் விட்டுவிட்டோம், வலசை போகிற பறவை என்கிறோம். ஆனால் ஒரு காலத்தில், படைக்குப் பயந்து ஊரைக் காலி செய்துகொண்டு போகிற ஜனங்களுக்கும் அதுதான் சொல். இராமநாதபுரம், தென்காசிப் பக்கம் வலசை என்று முடிகிற ஊர்ப்பெயர்கள் இன்னும் இருக்கின்றன. தென்காசி மாவட்டத்தில் கணக்கப்பிள்ளை வலசை என்று ஓர் ஊர். அதை மனிதருக்கு மறுபடி எழுதலாமா என்று ஆசை வந்தது உண்டு. ஒருமுறை எழுதியும் பார்த்தேன். படித்தவர் ‘நாங்க என்ன கொக்கா’ என்று கேட்டார். எடுத்துவிட்டேன்.

நோட்டில் இன்னும் நிரம்பாத ஒரு வரிசை இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பிறந்த இடத்தையோ முன்பு இருந்த இடத்தையோ விட்டு வேறிடத்தில் இருப்பவர்கள் சுமார் 45 கோடிப் பேர். அதில் பெரும்பகுதி பெண்கள், அவர்களுக்கு முதல் காரணம் திருமணம். அரசுக் கணக்கில் அவர்களும் இடம்பெயர்ந்தவர்கள். தமிழில் எந்தப் பெண்ணும் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டாள். ‘இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தேன்’ என்பாள், இல்லையென்றால் ‘என்னை இங்க கட்டிக்கொடுத்தாங்க’ என்பாள். ஒன்று வந்தது, இன்னொன்று கொடுத்தது. ஆயா காட்டின அதே வித்தியாசம்.

போன மாதம் வந்த படிவத்தில் அந்தக் கேள்வி இருந்தது. ‘திருமணமாகி இந்த ஊருக்கு வந்தவரா?’ என்று எழுதி அனுப்பினேன். சொல் எண்ணிக்கை கூடிவிட்டது, ‘இடம்பெயர்ந்தவரா?’ என்று சுருக்கலாமே என்று ஓரத்தில் ஒரு குறிப்போடு திரும்பி வந்திருக்கிறது. பதில் எழுத வேண்டும். அந்தப் படிக்கட்டுச் சுவரை ஒரு படம் எடுத்து வைத்திருக்கலாம்.